ஊசி வேண்டாம் என்கிற மாஸ்டரை என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் டாக்டர். பெருந்துறைப் பக்கம் ஒரு ஆலைக்கு கேன்டீன் கான்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறேன். சமையல், சப்ளை, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்த்து 22 பேர் வேலை செய்கிறார்கள். ஆடிட் வருகிறது, ஒருவர் விடாமல் டைபாய்டு தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் கொடுங்கள், டிரைவர், கணக்கு எழுதுகிறவர் உட்பட என்று ஆலையின் எச்.ஆர். மெயில் அனுப்பியிருக்கிறார். 9 பேர் முடியாது என்கிறார்கள். அதில் என் மாஸ்டரும் ஒருவர், 11 வருடமாக என்னோடு இருப்பவர். "கொரோனா ஊசி போட்டதிலிருந்தே உடம்பு முன்ன மாதிரி இல்லை, இன்னொரு ஊசின்னா எனக்கு இந்த வேலையே வேண்டாம்" என்கிறார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். தெரிந்த லேப் ஒன்றில் ஊசி போடாமலேயே சான்றிதழ் தருகிறேன் என்கிறார்கள். கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இருக்கிறதா? நிறுத்திவிடலாமா? இல்லை, சான்றிதழை வாங்கிக் கொடுத்து விஷயத்தை முடித்துவிடவா? (பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

பதில்: வணக்கம்மா. கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தச் சான்றிதழை வாங்காதீர்கள். பொய்ச் சான்று குற்றம் என்பது உங்களுக்கே தெரியும், அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நாளைக்கு உங்கள் ஆட்களில் ஒருவருக்கு பத்து நாளாக விடாத காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிற டாக்டர் ரெக்கார்டில் டைபாய்டு ஊசி போட்டதாக இருப்பதைப் பார்த்துவிட்டு வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார், அதற்குள் குடலில் ஓட்டை விழுகிற நிலைமைக்குப் போன நோயாளிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்புறம், இந்த 22 பேரும் என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள்? முதலாளியம்மாவுக்கு வேண்டியது பேப்பர்தான், நம் உடம்பு இல்லை என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், அடுத்து நீங்கள் கையுறை போடு, நகம் வெட்டு, வயிற்றுப்போக்கு என்றால் சொல்லிவிடு என்று எதைச் சொன்னாலும் அதுவும் ஆடிட்டுக்காகத்தான் என்றாகிவிடும். 2021-ல் ஊசியே போடாதவர்களுக்கு இரண்டாம் டோஸ் போட்டாகிவிட்டது என்று குறுஞ்செய்தி வந்த செய்திகளை நாம் எல்லாரும் படித்தோம். இலக்கை எட்ட வேண்டும் என்ற அவசரத்தில் நடந்தது அது. ஊசி மேலேயே அவநம்பிக்கை வளர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

இப்போது சட்டம். எச்.ஆர். கேட்பது அவர் தலையில் உதித்தது இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு உரிமம், பதிவு விதிகளில் நான்காம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. உணவைக் கையாள்கிறவர்களுக்கு வருடம் ஒருமுறை பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதனை, குடல் வழியாகப் பரவும் நோய்களுக்கு எதிரான தடுப்பூசி, இரண்டுக்கும் ரெக்கார்டு, இதெல்லாம் அதில் வருகிறது. அந்த உடல்தகுதிச் சான்றிதழ் படிவத்திலேயே கண், தோல் பரிசோதனையோடு தடுப்பூசிக்கும் ஒரு வரி உண்டு. கொரோனா வருவதற்குப் பல வருடம் முன்பே இருந்த விதி இது, ஆனால் நம் ஊரில் பெரும்பாலான ஹோட்டல்களில் யாரும் கேட்டதும் இல்லை, யாரும் போட்டதும் இல்லை. அதனால்தான் இப்போது கேட்டவுடன் "கொரோனாவுக்கு அப்புறம் புதுசா ஏதோ கிளப்புறாங்க" என்று உங்கள் ஆட்களுக்குத் தோன்றுகிறது. இந்த விதி பழையது, சமையல் வேலைக்கு மட்டும் ஆனது என்பதை முதலில் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

ஆனால் அந்த விதி கட்டுப்படுத்துவது லைசென்ஸ் வைத்திருக்கிற உங்களை. ஒருவர் கையைப் பிடித்து ஊசி குத்தும் அதிகாரத்தை அது யாருக்கும் தரவில்லை. 2022 மே 2-ஆம் தேதி ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே வகைதான். அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு ஒருவரின் உடல்மேல் அவருக்குள்ள உரிமையையும் காக்கிறது, அதனால் யாரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது. அதே தீர்ப்பு, பொது நலனுக்காக அரசு சில கட்டுப்பாடுகள் விதிக்கலாம், அவை சட்டப்படியும் தேவைக்கு ஏற்ற அளவிலும் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அது கொரோனா ஊசி பற்றிய வழக்கு, உங்கள் கேன்டீனுக்கு நேராகப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் எந்தத் திசையில் யோசிக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது. அதற்கு முந்தைய வருடம் மேகாலயாவில் கடைக்காரர்களும் டாக்சி ஓட்டுகிறவர்களும் ஊசி போட்டால்தான் தொழிலைத் திறக்கலாம் என்று உத்தரவு போட்டார்கள். அங்குள்ள உயர் நீதிமன்றம் கட்டாயப்படுத்துவது செல்லாது என்றது, அதற்குப் பதிலாகக் கடையில் எல்லாரும் ஊசி போட்டவர்களா இல்லையா என்பதை வாசலில் எழுதி வையுங்கள், வருகிறவர்கள் பார்த்து முடிவு செய்யட்டும் என்றது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அது.

எச்.ஆர். மெயிலில் ஒரு தவறும் இருக்கிறது. கணக்கு எழுதுகிறவர் பாத்திரத்தைத் தொடுவதில்லை. டிரைவர் மூடிய டப்பாவை ஏற்றி இறக்குவதோடு சரி என்றால் அவருக்கும் தேவையில்லை, அவரே பரிமாறவும் செய்கிறார் என்றால் தேவை. அமெரிக்காவில் 2022 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு உத்தரவு போட்டது. நூறு பேருக்கு மேல் வேலை செய்கிற நிறுவனம் எதுவானாலும் ஊசி அல்லது வாராவாரம் பரிசோதனை என்ற அரசு விதியை நிறுத்திவைத்தது, மருத்துவமனை ஊழியர்களுக்கான கட்டாயத்தை அனுமதித்தது. சட்ட நுணுக்கத்தை விடுங்கள், சாதாரண மக்களும் எந்த ஊரிலும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறார்கள். வேலைக்கும் ஊசிக்கும் சம்பந்தம் கண்ணுக்குத் தெரிந்தால் ஒத்துக்கொள்கிறார்கள், தெரியாவிட்டால் அதிகாரம் காட்டுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். அதனால் எச்.ஆருக்குப் பதில் எழுதும்போது உணவைக் கையாள்கிறவர்கள் பட்டியலைத் தனியாகக் கொடுத்து, விதி அவர்களுக்குத்தான் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் ஆட்களில் இரண்டு மூன்று பேர் அங்கேயே குறைந்துவிடுவார்கள், அம்மா நமக்காகப் பேசினார்கள் என்பதும் மற்றவர்கள் காதுக்குப் போகும்.

சம்பந்தம் தெரிவது என்றேனே, அதற்கு நர்ஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் ஹெப்படைடிஸ் பி ஊசி மூன்று டோஸ், முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். நர்ஸ்கள் இதற்கு மறுத்து நான் அதிகம் பார்த்ததில்லை, கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். காரணம், தொற்றுள்ளவர் ரத்தம் பட்ட ஊசி கையில் குத்தினால், பாதுகாப்பில்லாதவருக்கு நோய் வர 30 சதவீதம் வரைகூட வாய்ப்பு உண்டு என்று அவர்களுக்குப் படிக்கும்போதே தெரியும். அங்கே குறை வேறு மாதிரி: அதே ஊசிகள் கிடக்கிற குப்பையை அள்ளுகிற ஒப்பந்த ஊழியர்களுக்குப் பல இடங்களில் யாருமே தடுப்பூசி போடுவதில்லை. அவர்கள் "எங்களுக்கு ஏன் போடலை" என்று கேட்கிறார்கள், உங்கள் ஆட்கள் "எங்களுக்கு மட்டும் ஏன்" என்று கேட்கிறார்கள். எங்கள் உடம்பை மனதில் வைத்துத்தான் செய்கிறீர்களா என்பதுதான் இரண்டிலும் உள்ள சந்தேகம்.

டைபாய்டு பற்றி உங்கள் ஆட்களுக்கு நீங்களே சொல்லும்படி கொஞ்சம். இந்தக் கிருமிக்கு மனிதன் மட்டும்தான் வீடு. நோயாளியின் மலத்தில் வெளியேறி, கழுவாத கை வழியாகவோ கெட்ட தண்ணீர் வழியாகவோ அடுத்தவர் வாய்க்குள் போகிறது. சமையல்காரருக்கு இரண்டு பக்கமும் ஆபத்து, அவருக்கும் வரும், அவரிடமிருந்தும் பரவும். வந்தால் இரண்டு மூன்று வாரம் படுக்கை. இ.எஸ்.ஐ. இருந்தால்கூட நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம்தான் கிடைக்கும், இல்லாதவருக்கு அதுவும் கிடையாது. (22 பேர் வைத்திருக்கிறீர்கள், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். எடுக்கவில்லை என்றால் ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.) ஊசியின் முதல் லாபம் போட்டுக்கொள்கிறவருக்குத்தான், ஆலையில் சாப்பிடுகிறவருக்கு அப்புறம்தான். இதை இந்த வரிசையில் சொல்லுங்கள். "எல்லாருக்கும் சோறு போடுற உங்களுக்குப் பொறுப்பு வேண்டாமா" என்று ஆரம்பித்தால் அவர்களைக் குற்றவாளி ஆக்குகிற மாதிரி ஆகிவிடும்.

ஊசியால் முடியாததையும் மறைக்காதீர்கள். புதுவகை இணைத் தடுப்பூசி, ஹைதராபாத்தில் தயாராவது, நேபாளத்தில் குழந்தைகளிடம் செய்த பெரிய ஆய்வில் சுமார் 80 சதவீதம் பாதுகாப்புத் தந்தது. ஒரே டோஸ். பழைய வகை மலிவு, ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். இரண்டுமே டைபாய்டு மாதிரியே இருக்கும் வேறு காய்ச்சலான பாராடைபாய்டைத் தடுக்காது, மஞ்சள் காமாலையைத் தடுக்காது. ஏற்கெனவே பித்தப்பையில் கிருமியை வைத்துக்கொண்டு எந்த அறிகுறியும் இல்லாமல் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள், டைபாய்டு வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேர் அப்படி ஆகலாம். ஊசி அவர்களைக் குணப்படுத்தாது. நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையல்காரப் பெண் 1907-ல் இப்படிக் கண்டுபிடிக்கப்பட்டார். தனித்தீவில் வைத்தார்கள், இனி சமைக்க மாட்டேன் என்று சொன்னதால் 1910-ல் விட்டார்கள், வேறு பெயரில் ஒரு பிரசவ மருத்துவமனையில் சமையலுக்குச் சேர்ந்து 1915-ல் 25 பேருக்கு நோய் வந்தது. மிச்ச ஆயுளைத் தீவிலேயே கழித்தார். எல்லாரும் அவரைக் குற்றம் சொல்வார்கள், எனக்கோ அதைப் படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். தனக்கு ஒரு நோயும் இல்லையே என்று நம்பிய ஒரு பெண்ணிடம், சமையலில் கிடைத்த வருமானத்துக்கு ஈடான வேறு பிழைப்பைக் கொடுக்காமல், சமைக்காதே என்று மட்டும் சொன்னார்கள். உங்கள் மாஸ்டர் விஷயத்திலும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டருக்கு வருவோம். அவர் சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள். 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி இறந்துவிட்டார். தடுப்பூசியால் இல்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு சொன்னது அந்த வருடம் அக்டோபரில். நடுவில் போன ஆறு மாதத்தில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு டீக்கடையிலும் வேறு ஒரு முடிவு வந்துவிட்டது. அப்புறம் ஊசிச் சான்று காட்டினால்தான் டாஸ்மாக்கில் பாட்டில் என்று நீலகிரியில் சொன்னார்கள், ஊசி போடாதவர் பொது இடத்துக்கு வரக்கூடாது என்றார்கள். நோக்கம் நல்லது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை, அந்த ஊசிகள் ஏராளமான உயிரைக் காப்பாற்றின. ஆனால் கேள்வி கேட்டவர்களுக்கு உட்கார்ந்து பதில் சொல்ல அப்போது யாருக்கும் நேரமில்லை. 2024-ல் கோவிஷீல்டு ஊசியால் மிக அரிதாக ரத்த உறைவு வரலாம் என்று லண்டன் நீதிமன்றத்தில் கம்பெனியே ஒத்துக்கொண்டது என்ற செய்தி வந்ததும், பார்த்தாயா என்று பழைய பயம் எல்லாம் திரும்ப வந்தது. அது ஊசி போட்ட முதல் சில வாரத்துக்குள் வரக்கூடிய, மிக அரிதான ஒன்று. வருடக்கணக்கில் கழித்து வருவது இல்லை. இளவயதுத் திடீர் மரணங்களை 47 மருத்துவமனைகளில் ஆராய்ந்த ஐ.சி.எம்.ஆர். 2023-ல் வெளியிட்ட முடிவு, கொரோனா ஊசியால் ஆபத்து கூடவில்லை என்பதுதான். அதிகக் குடி, குடும்பத்தில் திடீர் மரணம், கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தது, உடம்பை மீறிய கடும் உழைப்பு, இவைதான் ஆபத்தைக் கூட்டின.

இதையெல்லாம் நீங்கள் மாஸ்டரிடம் வாதமாக வைத்தால் ஒன்றும் நடக்காது. முதலில் அவரை டாக்டரிடம் அனுப்புங்கள், ஊசிக்காக இல்லை, "உடம்பு முன்ன மாதிரி இல்லை" என்கிறாரே, அதற்காக. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிற மனிதர், சர்க்கரை, பிரஷர், ரத்தசோகை, மூட்டு, தைராய்டு என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம், அது தொடங்கிய நேரமும் ஊசி போட்ட நேரமும் ஒன்றாக அமைந்திருக்கலாம். யாராவது அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு, பரிசோதித்து, இதுதான் காரணம் என்று சொல்லியிருக்கிறார்களா? என்னிடம் வருகிறவர்களில், ஊசி வேண்டாம் என்று வந்து, தன் பழைய வலியைச் சொல்லி முடித்ததும் கையை நீட்டியவர்கள் நிறைய. எல்லாரும் நீட்டுவார்கள் என்று சொல்ல மாட்டேன்.

மற்ற எட்டுப் பேரின் காரணம் பயமாகவே இருக்காது. இப்படிப்பட்ட இடங்களில் நான் கேட்பவை: சம்பளத்தில் பிடிப்பார்களா? மறுநாள் காய்ச்சல் வந்தால் லீவு சம்பளம் போகுமா? முதலாளி போட்டுக்கொண்டாரா? கல்யாணமாகி ஆறு மாதம் ஆன பெண் ஒருத்தி, "நாள் தள்ளிப்போயிருக்கு, அதை எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது" என்று நினைத்துக்கொண்டு வெறுமனே "வேண்டாம்" என்று சொல்லியிருப்பாள். அதனால் ஊசிச் செலவு முழுக்க உங்களுடையதாக இருக்கட்டும். வகையைப் பொறுத்து ஆளுக்குச் சில நூறிலிருந்து இரண்டாயிரம் வரை ஆகும், ஆலையிடம் பாதியைக் கேளுங்கள், அவர்கள் கேட்டதுதானே. ஒரே நாளில் எல்லாருக்கும் போடாமல் மூன்று தொகுதியாகப் பிரித்து, மறுநாள் சம்பளத்தோடு லீவு என்று முன்கூட்டியே அறிவியுங்கள். கை வலி, லேசான காய்ச்சல் ஒன்றிரண்டு நாள் இருக்கலாம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், வந்தபிறகு சொன்னால் மறைத்த மாதிரி ஆகும். மருத்துவர் ஒவ்வொருவரையும் தனி அறையில் பார்க்கட்டும். கர்ப்பம், இப்போது காய்ச்சல், முன்பு ஊசியில் கடும் அலர்ஜி என்றால் தள்ளிவைப்பார் அல்லது விட்டுவிடுவார், உங்களுக்கு வர வேண்டிய தாளில் "இப்போது போடவில்லை, மருத்துவக் காரணம்" என்பதோடு நின்றுவிட வேண்டும். என்ன காரணம் என்று நீங்கள் கேட்கக் கூடாது. 45 வயதைத் தாண்டியவர்களுக்கு எந்தத் தயாரிப்புக்கு அனுமதி இருக்கிறது என்பதையும் அவர் பார்த்துக்கொள்வார். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்கார வைக்க வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்று. மறுத்த 9 பேரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், சரி என்ற 13 பேரைப் பற்றி ஒன்றும் இல்லை. பெருந்துறைப் பக்கம் என்பதால் கேட்கிறேன், அதில் ஒடிசா, பீகார் பையன்கள் எத்தனை பேர்? அவர்கள் சீக்கிரம் சரி என்பார்கள், வேலை போய்விடும் என்ற பயம், தமிழில் எழுதிய தாளில் கையெழுத்து. அது சம்மதம் ஆகாது. அவர்களில் தமிழும் தெரிந்த ஒருவரை வைத்து இந்தியிலோ ஒடியாவிலோ இதே விஷயங்களைச் சொல்லவையுங்கள், அவர்களுக்கும் வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கட்டும். மறுத்துப் பேசுகிற மாஸ்டரைவிட, பேசவே முடியாத அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகும் மாஸ்டர் முடியாது என்றால்? ஒரு மாதம் பொறுங்கள், நடுவில் தினமும் நச்சரிக்காதீர்கள். அந்த நேரத்தில் வருடாந்திரப் பரிசோதனையை முடித்து, மலத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், ஒருமுறை இல்லை, இடைவெளி விட்டுச் சில முறை. டைபாய்டுக்கான ரத்தப் பரிசோதனை, விடால் டெஸ்ட், எடுத்துவிட்டேன் என்று யாராவது தாளை நீட்டினால் ஏற்காதீர்கள், கிருமியைச் சுமக்கிறவரைக் கண்டுபிடிக்க அது உதவாது. அதற்குமேலும் அவர் மறுத்தால், விதி கட்டாயம் என்று சொல்லும்போது அவரை அடுப்படியிலேயே வைத்திருங்கள் என்று நான் சொல்ல முடியாது. கொள்முதல், ஸ்டோர், புதிய ஆட்களுக்கு அளவு சொல்லித் தருவது என்று சம்பளம் குறையாத வேறு வேலைக்கு மாற்றுங்கள். நிறுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. அந்த முடிவுக்குத்தான் போகிறீர்கள் என்றால், தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலைப் பார்க்காமல் ஒரு கடிதம்கூடக் கொடுக்காதீர்கள்.

எச்.ஆருக்கு இந்த வாரமே எழுதுங்கள்: உணவைக் கையாள்கிறவர்கள் இத்தனை பேர், இந்த மூன்று தேதிகளில் ஊசி, மருத்துவக் காரணத்தால் தள்ளிவைத்தவர்கள் இத்தனை பேர், மறுத்தவர்கள் பரிசோதனையில் இருக்கிறார்கள், ஒரு மாதத்தில் வேலை மாற்றம். ஆடிட் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதை ஏற்பார்கள், தேதியோடு எழுதிய திட்டம் அவர்களுக்குப் போதும். அதே கடிதத்தில் இன்னொன்றையும் கேளுங்கள். ஆலைக்காரர்கள் உங்கள் ஆட்களுக்கு ஒதுக்கியிருக்கிற கழிவறையில் தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, சமையலறை வாசலில் கைகழுவ ஒரு குழாய் போட்டுத் தருவார்களா என்று. ஊசி போட்ட 22 பேரும் சோப்பில்லாத கழிவறையிலிருந்து நேராக மாவு பிசைய வந்தால், பாராடைபாய்டும் காமாலையும் வயிற்றுப்போக்கும் வந்துகொண்டேதான் இருக்கும், அப்போது ஊசி போட்டும் பயனில்லை என்று மாஸ்டர் சொன்னால் உங்களால் பதில் சொல்ல முடியாது.

முதல் தொகுதியில் உங்கள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். ருசி பார்க்கவும் பரிமாறவும் நீங்களும்தானே நிற்கிறீர்கள்.